கடிதத்தில் ஒரு கண், வாக்குப்பெட்டியில் ஒரு கண்: வாசகர் கேள்வி – பதில்

முதல் பொதுத்தேர்தல் காலத்தில் நேரு எழுதிய கடிதங்களைப் பற்றிச் சென்ற இதழில் கட்டுரை வந்தது. அதன் பிறகு பழைய வட ஆற்காட்டின் எல்லா மூலையிலிருந்தும் கேள்விகள். பாதிக்கு மேல் ‘எங்க தாத்தா சொன்னார், நிஜமா?’ வகை. தாத்தாக்கள் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். பேரன்கள் கேட்டுக்கொண்டதில்தான் கோளாறு.

எல்லா முதலமைச்சர்களுக்கும் போன கடிதத்தை அந்தரங்கக் கடிதம் என்று எப்படி எழுதினீர்கள்? அது சுற்றறிக்கை அல்லவா? (சத்துவாச்சாரி, ஓய்வுபெற்ற தபால் ஊழியர்)

தபால்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். சுற்றறிக்கை என்றால் உத்தரவு இருக்கும், கீழே இருப்பவர் அதை நிறைவேற்றியாக வேண்டும். இவற்றில் உத்தரவைவிட உரக்கச் சிந்திப்பதுதான் அதிகம். உணவுத் தட்டுப்பாடு, அகதிகள், காஷ்மீர், கொரியா, ஐந்தாண்டுத் திட்டம் எல்லாம் ஒரே கடிதத்தில் வரும். முதல் கடிதம் 1947 அக்டோபர் 15. மாதத்துக்கு இரண்டு, அதாவது 1-ம் தேதிக்கு ஒன்று, 15-க்கு ஒன்று என்பது கணக்கு. பின்னாளில் அந்தக் கணக்கு தளர்ந்தது. கடைசிக் கடிதம் 1963 டிசம்பர். மொத்தம் ஏறக்குறைய 400. பெறுபவரின் கண்ணுக்கு மட்டும் என்று எழுதப்பட்டவை. 1980-களில்தான் ஐந்து தொகுதிகளாக அச்சேறின. வீட்டுக் கடிதமும் இல்லை, அரசு ஆணையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை.

இவற்றைப் படிக்கும்போது பலர் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். 1951 செப்டம்பரில் புருஷோத்தம்தாஸ் டாண்டன் விலகியதும் காங்கிரஸ் தலைவர் பொறுப்பும் நேருவிடம் வந்தது. ஆகவே தேர்தல் நேரத்தில் அவர் தலையில் இரண்டு தொப்பி. முதலமைச்சருக்கு எழுதினால் பிரதமர் எழுதுகிறார்: வாக்குப்பதிவு ஒழுங்காக நடக்கிறதா, அதிகாரிகள் பாரபட்சம் இல்லாமல் இருக்கிறார்களா என்ற கவலை. மாகாண காங்கிரஸ் தலைவருக்கு எழுதினால் கட்சித் தலைவர் எழுதுகிறார்: யாருக்கு டிக்கெட் என்ற கவலை. சென்னை ராஜ்யத்துக்கு அந்த நாளில் வந்த முதல் வகைக் கடிதம் பி.எஸ். குமாரசாமி ராஜாவுக்கு, இரண்டாம் வகை காமராஜருக்கு. யாருக்கு எழுதியது என்று பார்க்காமல் ஒரு வரியை மட்டும் பிய்த்து எடுத்தால் அர்த்தம் தலைகீழாகிவிடும்.

தேர்தல் ஒழுங்காக நடக்க வேண்டும் என்ற கடிதங்களை வாங்கிய குமாரசாமி ராஜாவே அந்தத் தேர்தலில் தோற்றுப்போனார். ஒழுங்காக நடந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்!

1952-ல் நாலு சீட்டுப் போட்டேன் என்று எங்கள் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கள்ள ஓட்டா? (குடியாத்தம், ஜவுளிக்கடை உரிமையாளர்)

பாட்டி மேல் பழி போடாதீர்கள். சட்டப்படியான நாலு சீட்டுதான்.

அன்று மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்தே தேர்தல். சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்: ஒன்று பொது, ஒன்று தாழ்த்தப்பட்டோருக்கு. நாடு முழுக்க 401 மக்களவைத் தொகுதிகளில் 314 ஒற்றை, 86 இரட்டை, வடக்கு வங்காளத்தில் ஒன்றே ஒன்று மூன்று உறுப்பினர் தொகுதி. கூட்டினால் 489 இடம். சென்னை சட்டமன்றத்தில் 375 இடங்களுக்கு 309 தொகுதி. அதில் 66 இரட்டை. வேலூர் மக்களவைத் தொகுதி இரட்டை. சட்டமன்றத்துக்கும் இரட்டைத் தொகுதியில் இருந்தவர் கையில் நாலு சீட்டு வந்திருக்கும்.

சீட்டைப் போட்ட விதமும் இன்றையதுபோல் இல்லை. சீட்டில் பெயரும் கிடையாது, சின்னமும் கிடையாது. நாசிக் அச்சகத்தில் அடித்த, ஒரு ரூபாய் நோட்டு அளவுத் தாள். திரைக்குப் பின்னால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஓர் எஃகுப் பெட்டி. பெட்டிமேல் சின்னம் ஒட்டியிருக்கும். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, சோஷலிஸ்டுக்கு மரம், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை, கம்யூனிஸ்டுக்குக் கதிர் அரிவாள். சீட்டில் எதுவும் எழுதாமல், குத்தாமல், பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். எழுத்தறியாதவரும் யார் துணையும் இல்லாமல் வாக்களிக்க வேண்டும் என்பதற்காகத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் காலத்தில் செய்த ஏற்பாடு. இதற்காக நாட்டில் சுமார் 20 லட்சம் பெட்டிகள், 8,200 டன் எஃகு.

எங்கெங்கே கெட்டது? முதலாவது, சீட்டைப் பெட்டிக்குள் தள்ளாமல் மேலேயே வைத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. அந்த வாக்கு போச்சு. இரண்டாவது, பெட்டியையே சாமியாக நினைத்துப் பூவும் குங்குமமும் வைத்தவர்கள், காசு போட்டவர்கள். இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, எண்ணுகிறவருக்குத்தான் கூடுதல் வேலை. மூன்றாவதுதான் விஷமம். சீட்டில் குறியே இல்லாததால், திரைக்குப் பின்னால் போனவர் அதைப் போடாமல் மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்து விற்கலாம். வாங்கியவர் பத்துச் சீட்டைச் சேர்த்து இன்னொரு ஆள் கையில் கொடுத்து ஒரே பெட்டியில் போட வைக்கலாம். திரைக்குள் ஒருவர் எத்தனை சீட்டுப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. 1957-லும் இதே முறைதான். எல்லா வேட்பாளர்களின் சின்னமும் அச்சிட்ட ஒரே தாளில் முத்திரை குத்தும் முறை 1962 பொதுத்தேர்தலில் பரவலாக வந்ததற்கு இந்த ஓட்டை ஒரு முக்கியக் காரணம்.

இரட்டைத் தொகுதியில் இன்னொரு விதி. இரண்டு வாக்கையும் ஒரே ஆளுக்குப் போடக் கூடாது. போட்டால் ஒன்றுதான் கணக்கில் சேரும், மற்றது செல்லாது. ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடலாம். அது குற்றமில்லை, தந்திரம்.

எண்ணும் வரிசை முக்கியம். கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: பொது வேட்பாளர் இருவருக்கு 42,000, 38,000, தாழ்த்தப்பட்டோர் வேட்பாளர் இருவருக்கு 40,000, 39,000. முதலில் தாழ்த்தப்பட்டோரில் அதிகம் பெற்றவரை எடுத்து ஒதுக்கீட்டு இடத்தைக் கொடுப்பார்கள்: 40,000. பிறகு மீதி அத்தனை பேரிலும் அதிகம் பெற்றவருக்கு மற்ற இடம்: 42,000. இதுவே பொது வேட்பாளரின் 42,000 என்பது 38,500 ஆக இருந்திருந்தால்? 39,000 பெற்ற இரண்டாவது தாழ்த்தப்பட்டோர் வேட்பாளருக்குத்தான் அந்த இடமும். ‘அது எப்படி?’ என்று 1957-ல் ஆந்திராவின் பார்வதிபுரத்தில் தோற்ற வி.வி. கிரி உச்ச நீதிமன்றம் வரை போனார். அங்கே ஒதுக்கீடு பழங்குடியினருக்கு. இரண்டு இடத்திலும் பழங்குடியினரே வென்றார்கள். வழக்கிலும் கிரிக்குத் தோல்வி. 1961-ல் சட்டம் போட்டு இரட்டைத் தொகுதிகளையே எடுத்துவிட்டார்கள்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு சொல்: இரட்டைத் தொகுதி முடிவுகளில் பதிவான வாக்கைக் கூட்டி, வாக்காளர் எண்ணிக்கையால் வகுத்துச் சதவீதம் போடாதீர்கள். ஒருவருக்கு இரண்டு வாக்கு என்பதால் எங்கேயோ போய் நிற்கும். சரி, பாதியாக்கிவிடலாம் என்றால் அதுவும் தப்பு. ஒரு சீட்டை மட்டும் போட்டவர்கள் இருக்கிறார்களே.

அமெரிக்காவின் முதல் தேர்தல்களிலும் ஒருவருக்கு இரண்டு வாக்கு என்று பாடத்தில் வருகிறது. நம்முடையது அங்கிருந்து வந்ததா? (ஆற்காடு, கல்லூரி மாணவி)

உறவு ஒன்றும் கிடையாது. ஆனால் சேர்த்து வைத்துப் படித்தால் இரண்டும் நன்றாகப் புரியும். அங்கே இரண்டு வாக்கு பொதுமக்களுக்கு இல்லை, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவினருக்கு. அதிபருக்கு ஒன்று, துணை அதிபருக்கு ஒன்று என்று பிரிக்கவில்லை. இரண்டும் ஒரே குவியல். அதிகம் பெற்றவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர்.

1789-ல் வாக்களித்த 69 பேரும் ஆளுக்கு ஒன்றை வாஷிங்டனுக்குப் போட்டார்கள். மற்ற வாக்குகளில் ஜான் ஆடம்சுக்கு 34. எல்லோரும் இரண்டாவது வாக்கை ஆடம்சுக்கே போட்டிருந்தால் இருவரும் சமம்! இந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். ஆடம்சின் வாக்கில் சிலவற்றை வேண்டுமென்றே வேறு யாருக்காவது போட்டு வீணாக்க வேண்டும் என்று 1789 ஜனவரியில் ஜேம்ஸ் வில்சனுக்குத் தனிக் கடிதம் எழுதினார். குடியாத்தத்துக் கேள்வியில் சொன்ன தந்திரத்தின் தாத்தா இது.

1800-ல் அந்தக் கணக்குத் தப்பியது. ஜெஃபர்சனுக்கு 73, அவருடைய கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் ஆரோன் பர்ருக்கும் 73. எதிரணி உஷாராக இருந்தது. ஆடம்சுக்கு 65, பிங்க்னிக்கு 64. ஒரே ஒரு வாக்கை ஜான் ஜேக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். ஜெஃபர்சன் கட்சியில் ‘யாராவது ஒருவர் செய்வார்’ என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் தாம்பூலப் பையைப் பெண் வீட்டார் கொண்டு வருவார்கள் என்று பிள்ளை வீட்டாரும், பிள்ளை வீட்டார் கொண்டு வருவார்கள் என்று பெண் வீட்டாரும் இருந்த கதை. டிசம்பர் 15-ல் ஜெஃபர்சன் பர்ருக்கு எழுதிய கடிதத்தில் இதை உறுதியாக ஏற்பாடு செய்யாமல் அதிர்ஷ்டத்தின் கையில் விட்டது நிர்வாகக் கோளாறு என்று குறைப்பட்டுக்கொள்கிறார். யாரால் தனக்குச் சிக்கல் வரப்போகிறதோ அவருக்கே அந்தக் கடிதம்! வழக்கு பிரதிநிதிகள் சபைக்குப் போய், 16 மாநிலங்களில் 9 வேண்டும் என்ற நிலையில் 35 சுற்றும் முடிவாகாமல், 1801 பிப்ரவரி 17-ல் 36-வது சுற்றில்தான் ஜெஃபர்சன் தேறினார். 1804-ல் அரசியல் சட்டத்தையே திருத்தி இரண்டு வாக்கையும் பிரித்தார்கள்.

பதவி ஏற்கப் போவது தூக்குமேடைக்குப் போவதுபோல என்று வாஷிங்டன் எழுதியது உண்மையா, நடிப்பா? (அதே மாணவி)

எழுதியது உண்மை. 1789 ஏப்ரல் 1, ஹென்றி நாக்ஸுக்கு. நடிப்பா என்பதற்குத் தேதியைப் பாருங்கள். வாக்களிப்பு பிப்ரவரி 4-லேயே முடிந்துவிட்டது. ஆனால் செனட்டில் குறைந்தபட்ச எண்ணிக்கைகூடச் சேராததால் ஏப்ரல் 6-ல்தான் அதிகாரப்பூர்வமாக எண்ணினார்கள். கடிதம் அதற்கு ஐந்து நாள் முன்னால். முடிவு ஊருக்கே தெரியும், சேதி மட்டும் வீட்டுக்கு வரவில்லை. அந்த இடைவெளியில் எழுதும் மனிதர் ‘எனக்கு ஆசையில்லை’ என்பதில் கொஞ்சம் நிஜமும் கொஞ்சம் மரியாதைப் பேச்சும் கலந்திருக்கும். தலைவர்களின் கடிதத்தில் தேதிதான் முதலில் படிக்க வேண்டிய வரி.

நம் ஊருக்கும் இது பொருந்தும். நம் பொதுத்தேர்தல் 1951 அக்டோபர் 25-ல் இமாசலத்தின் சினி பகுதியில் தொடங்கியது; பனி விழுந்தால் பாதை அடைபடும் என்பதால் முன்கூட்டியே. முடிந்தது 1952 பிப்ரவரி 21. சென்னை ராஜ்யத்தில் ஜனவரியில்தான் வாக்குப்பதிவு. எனவே 1951 நவம்பர் கடிதம் ஒன்றில் ‘தேர்தல் தொடங்கிவிட்டது’ என்று இருந்தால், வேலூரில் அப்போது சுவரில் காளை மாட்டை வரைந்துகொண்டிருந்தார்கள் என்று பொருள்.

படிப்பறிவில்லாதவர்களுக்கு வாக்குரிமை கொடுப்பதில் நேருவுக்கே சந்தேகம் இருந்ததாமே? (காட்பாடி)

இருந்தது. தேர்தல் முடிந்ததும் அது போய்விட்டது என்று அவரே சொன்னார். எழுத்தறியாத வாக்காளர் மேல் மதிப்பு கூடிவிட்டது என்றும் சொன்னார். பிரசாரத்துக்குச் சுமார் 25,000 மைல் சுற்றியவர். அந்த நாட்களில் கடைசி வைஸ்ராயின் மனைவி எட்வினா மவுண்ட்பேட்டனுக்கு எழுதியதில் கட்சிக் கணக்கைவிடக் கூட்டத்து முகங்களும் உடைகளும்தான் அதிகம்.

1952-ல் ராஜாஜி தேர்தலில் நிற்காமலேயே முதல்வரானதற்கு வட ஆற்காடுக்காரர்தான் காரணம் என்கிறார்கள். நேரு இதைக் கண்டித்துக் கடிதம் எழுதினாரா? (திருவண்ணாமலை, வழக்கறிஞர்)

‘ஒரு காரணம்’ என்று திருத்திக்கொள்ளுங்கள். 375-ல் காங்கிரசுக்கு 152. பாதியைத் தாண்ட 188 வேண்டும். கம்யூனிஸ்ட் 62, கிசான் மஸ்தூர் 35, தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19, காமன்வீல் 6. எதிர்க்கட்சிகள் கிசான் மஸ்தூர் தலைவர் டி. பிரகாசத்தை முன்னிறுத்தி ஒன்று சேர்ந்தன. ஆளுநர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியைச் சட்ட மேலவைக்கு நியமித்து ஆட்சி அமைக்க அழைத்தார். 1952 ஏப்ரல் 10-ல் பதவியேற்பு. காமன்வீலின் தலைவர் எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கர் நம் மாவட்டத்துக்காரர். அவர் அமைச்சரானதும் அந்த ஆறும் ராஜாஜி பக்கம். ஜூலையில் நம்பிக்கை வாக்கெடுப்பு 200-க்கு 151 என்று முடிந்தது. ஆறு பெரிய எண் இல்லை. ஆனால் முதலில் உடைந்த செங்கல் அது. வேலூர் மக்களவைத் தொகுதியின் இரண்டு இடங்களில் ஒன்று காங்கிரசுக்கும் மற்றது காமன்வீலுக்கும் போனதை வைத்துப் பார்த்தால், இங்கே அந்தக் கட்சிக்கு இருந்த வேர் தெரியும்.

நேரு எழுதினார். நியமன வழி அவருக்குப் பிடிக்கவில்லை. பதவியை விடாமல் பிடித்துக்கொண்டு மற்றவர்களை எப்படியாவது வெளியே நிறுத்துகிறோம் என்ற தோற்றம் வரக் கூடாது என்பது அவர் ராஜாஜிக்கு எழுதியதன் சாரம். கடிதத்தில் வருத்தம் இருக்கிறது. ஆனால் டில்லி அந்த அமைச்சரவையைக் கலைக்கச் சொல்லவில்லை. இதில் நேருவைக் கைகழுவியவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை, பாராட்டவும் மனமில்லை. நியமனத்தை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் போனார், மனு தள்ளுபடி. சட்டப்படி செல்லும் என்பதும் முறைப்படி அழகில்லை என்பதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். வக்கீலான உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

காமராஜர் ஏன் எங்கள் ஊரில் வந்து நின்றார்? விருதுநகரில் இடமில்லையா? (குடியாத்தம், ஆசிரியர்)

1954 ஏப்ரல் 13-ல் முதல்வரானபோது அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவை உறுப்பினர். சட்டமன்றத்திலோ மேலவையிலோ ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும். மேலவைக் கதவு அவருக்கும் திறந்தே இருந்தது. ஆனால் இரண்டு வருஷம் முன்னால் அந்தக் கதவால் கட்சிக்கு வந்த பேச்சைக் காதால் கேட்டவர் அவர். நேரடித் தேர்தல் வேண்டும் என்றார். காலியாக இருந்தது குடியாத்தம். சொந்த சாதிக்காரர்கள் நிறைந்த ஊரும் இல்லை, சொந்த ஊரும் இல்லை, கம்யூனிஸ்டுகள் வலுவாக இருந்த இடம். பெரியார் ஆதரவு, தி.மு.க.வும் எதிர்க்கவில்லை, அண்ணா அவரைக் ‘குணாளா, குலக்கொழுந்தே’ என்று வாழ்த்தியது இந்தத் தேர்தலுக்குத்தான். கம்யூனிஸ்ட் வேட்பாளரைத் தோற்கடித்துச் சட்டமன்றம் போனார். காமராஜர் கடிதக்காரர் இல்லை. அவர் மனசில் இருந்ததைத் தெரிந்துகொள்ள வேட்புமனு எங்கே போட்டார் என்றுதான் பார்க்க வேண்டும்.

சுதந்திரம் வந்தால் தேர்தல் ஊழல்தான் வரும் என்று ராஜாஜி வேலூர் ஜெயிலிலிருந்து காந்திக்கு எழுதிய கடிதம் எங்கே கிடைக்கும்? (ராணிப்பேட்டை)

கிடைக்காது, அது கடிதமே இல்லை. நாட்குறிப்பு. ஒத்துழையாமை இயக்கத்தில் தண்டனை பெற்று 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை ராஜாஜி வேலூர் மத்திய சிறையில் இருந்தார். (தொரப்பள்ளியில் பிறந்தவர், வேலூர் சிறை இருக்கும் தொரப்பாடியில் அடைபட்டார்.) 1922 ஜனவரி 24-ம் தேதிக் குறிப்பு அது. சுயராஜ்யம் கிடைத்த கையோடு நல்ல ஆட்சியோ மக்களுக்குச் சுகமோ வந்துவிடாது; தேர்தலும் அதன் ஊழல்களும், அநீதியும், பணத்தின் கொடுமையும், நிர்வாகத் திறமையின்மையும் சேர்ந்து வாழ்க்கையை நரகமாக்கும் என்கிறார். பகிர்கிறவர்கள் இத்தோடு வெட்டிவிடுகிறார்கள். அடுத்து வருவது, சிறு வயதிலிருந்தே எல்லோருக்கும் நன்னடத்தையும் தெய்வ பயமும் அன்பும் வளர்க்கும் கல்வி ஒன்றில்தான் நம்பிக்கை என்ற வரி. சாபத்தை வைத்துக்கொண்டு மருந்துச் சீட்டைக் கிழித்துப் போட்டால் என்ன செய்வது?

சொன்ன இடம் வேலூர் என்பதால் ஒரு வார்த்தை: பெருந்தொகை பிடிபட்டு 2019 ஏப்ரலில் மக்களவைத் தேர்தல் ரத்தாகி ஆகஸ்ட் 5-ல் தனியாக நடந்ததும் இதே வேலூரில்தான்.

‘1952-ல் நேரு வேலூர் பிரமுகருக்கு எழுதிய ரகசியக் கடிதம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (ஆரணி, பட்டு நெசவாளர்)

பட்டில் ஜரிகையை உரசிப் பார்ப்பதுபோல இதற்கும் உரைகல் உண்டு. கையெழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கையெழுத்துதான் நகலெடுக்க மிகச் சுலபம். விலாசத்தைப் பாருங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் உறையின் மேல் ‘வேலூர் – 632001’ என்று இருக்கிறது. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். நேரு போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆன பிறகு. இதற்கு மேல் பார்க்கவே வேண்டாம். இருந்தாலும் அடுத்த போலிக்கு உதவும் என்று மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். ‘வேலூர் மாவட்டம்’ என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். வட ஆற்காடு பிரிந்தது 1989-ல்தான். ‘தமிழ்நாடு அரசு’ என்று முகப்பு இருந்தால், 1969 ஜனவரி 14-க்கு முன் அது சென்னை ராஜ்யம். தபால்தலையில் நயா பைசா இருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிறகு. அதற்கு முன் அணா. 1948 கடிதத்தில் சென்னையின் ‘சீஃப் மினிஸ்டர்’ என்று அழைத்திருந்தால் அதுவும் இடிக்கும். அரசியல் சட்டம் வரும்வரை மாகாணத் தலைவரைப் ‘பிரீமியர்’ என்பதே வழக்கம்.

தமிழில் அச்சடித்ததாக இருந்தால் ‘லை’, ‘ணை’, ‘றா’, ‘னா’ எழுத்துகளைப் பாருங்கள். இன்றைய வடிவம் அரசாணையாக வந்தது 1978 அக்டோபரில். 1952 அச்சில் துதிக்கை போட்ட பழைய ‘லை’தான் இருக்க வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு, அவசரப்பட்டுப் போலி என்று சொல்லிவிடாதீர்கள்: பெரியாரின் ஏடுகள் 1935 முதலே சீர்திருத்த எழுத்தில் வந்தன.

பழைய கடிதங்களில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறி இருக்கும் நகல்கள் உண்டாமே? (வாலாஜாபேட்டை)

ஜேம்ஸ் வாட் 1780-ல் உரிமம் பெற்ற நகல் அழுத்தியின் வேலை. ஜெஃபர்சன் வருஷக்கணக்கில் பயன்படுத்தினார். சர்க்கரையோ பிசினோ கலந்த, மெதுவாகக் காயும் மையில் எழுத வேண்டும். ஈரச் சுவடு இருக்கும்போதே, அதிகம் போனால் ஒரு நாளுக்குள், ஈரமாக்கி ஒற்றியெடுத்த மெல்லிய தாளை எழுத்தின் மேல் வைத்து அழுத்தினால் மை ஏறிக்கொள்ளும். எழுத்து இடம்வலம் மாறி விழும். தாள் மெல்லியது என்பதால் பின்பக்கமாகத் திருப்பிப் படிக்கலாம். தாளில் ஈரம் கூடினால் மை பரவி எழுத்து ஊதிப்போகும். குறைந்தால் பாதி எழுத்து ஏறாது. அந்தக் காலத் தேர்தல் கடிதங்களில் சில வரிகள் மங்கியிருப்பதைப் பார்த்து ‘யாரோ அழித்துவிட்டார்கள்’ என்று சதி தேட வேண்டாம், ஈரம் பற்றாமல் போயிருக்கும். தபாலில் பிரித்துப் படித்துவிடுவார்கள் என்ற பயமும் ஜெஃபர்சனுக்கு இருந்தது. அஞ்சலகத்தை நம்பி மனம் விட்டு எழுத முடியவில்லை என்று 1798-லேயே ஜான் டெய்லருக்கு எழுதியிருக்கிறார். சத்துவாச்சாரி வாசகர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 1951–52-ல் ஒரு கட்சித் தலைவர் எழுதிய ஏழு கடிதங்கள் கிடைத்தன. லேமினேஷன் செய்து சட்டம் போட்டு மாட்டலாமா? (வாணியம்பாடி)

கூடாது. லேமினேஷன் சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக். பிறகு பிரிக்கவே முடியாது, உள்ளே காகிதம் பழுத்துக்கொண்டே போகும். கூடத்துச் சுவரில் மாட்டினால் நம் வெயிலூர் வெளிச்சத்தில் மை வெளுத்துவிடும். மாட்ட ஆசையாக இருந்தால் நகலை மாட்டுங்கள்.

முதலில் குண்டூசி, கிளிப் எல்லாவற்றையும் எடுங்கள். துரு பிடித்து ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். தாளைத் தட்டையாக வைத்து, ஊசியின் இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, ஊசியை மட்டும் மெல்ல உருவ வேண்டும். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் பழுப்புக் கறையாக நிற்கும். அப்படியே விட்டு வையுங்கள்.

மடிப்பு நொறுங்கும் நிலையில் இருந்தால் விரிக்க அவசரம் வேண்டாம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் பிழிந்த ஈரத்துணி, அதற்கு மேல் துணியைத் தொடாதபடி ஒரு வலைத்தட்டு, அதன்மேல் கடிதம். மூடி சில மணி நேரம் வைத்தால் தாள் இளகும். அரை மணிக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பிறகு இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம். இஸ்திரிப் பெட்டியை நினைக்கவே வேண்டாம். ஆனால் கடிதம் காப்பியிங் பென்சிலில் எழுதியதா என்று முன்கூட்டியே பாருங்கள். பார்வைக்குச் சாதாரணப் பென்சில் போலச் சாம்பலாக இருக்கும், ஈரம் பட்டால் ஊதாவாக மாறிப் பரவும். அந்த நாளில் நிறையப் பேர் வைத்திருந்தார்கள். எழுத்தில் எங்காவது ஊதா புள்ளி தெரிந்தால் ஈர வேலையே கூடாது. நிபுணர் கைக்குப் போக வேண்டியது.

படம் எடுப்பதற்கு ஸ்கேனரில் 600 டிபிஐ, வண்ணத்தில், பின்பக்கமும் சேர்த்து. ஒன்றுமே எழுதாத பின்பக்கத்தையும்தான். உறையை மறக்காதீர்கள். தபால்தலைக்கு ஆசைப்பட்டு மூலையை வெட்டினால் தபால் முத்திரையின் தேதி போய்விடும். கடிதத்தில் தலைவர் தேதி போடாமல் விட்டிருந்தால் அந்த முத்திரைதான் ஒரே சாட்சி.

வைப்பதற்கு அமிலமில்லாத காகித உறை, ஒரு கடிதத்துக்கு ஒன்று. கிடைக்காவிட்டால் பாலியஸ்டர் உறை. பழைய பி.வி.சி. ஃபைல் வேண்டாம், அது மையை இழுத்துக்கொள்ளும். பாச்சை உருண்டையைத் தாளோடு சேர்த்துப் போடாதீர்கள். வேப்பிலையும் வேண்டாம், சருகானால் கறை. மேற்குச் சுவரை ஒட்டிய பீரோவும் மாடி அறையும் மே மாதத்தில் அடுப்பு மாதிரி. கீழ்த்தளத்தில், உள்சுவர் ஓரம், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து வெள்ளிப்பூச்சி அரித்திருக்கிறதா என்று பாருங்கள்.

யார் யாருக்கு எழுதியது, எந்த ஊரில் கிடைத்தது, ஏழும் பெட்டியில் எந்த வரிசையில் இருந்தன என்பதைத் தனித் தாளில் பென்சிலால் எழுதி வையுங்கள். கடிதத்தின் மேல் எழுத வேண்டாம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் ஏழையும் சேர்த்தே கொடுங்கள். நல்லதாக இரண்டை வீட்டில் வைத்துக்கொண்டு ஐந்தைக் கொடுத்தால், பதில் ஒரு இடத்திலும் கேள்வி ஒரு இடத்திலும் கிடக்கும்.